படகைத் தூக்கிக்கொண்டு நடந்த கதை

கனூ என்கிற ஒல்லியான துடுப்புப் படகில் பயணம் என்றால் உட்கார்ந்து துடுப்புப் போடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஐந்து பகல், நான்கு இரவு ஏரி ஏரியாகப் போய்விட்டு வீடு திரும்பியபோது கையும் வலிக்கவில்லை, இடுப்பும் வலிக்கவில்லை. பிடரிக்குக் கீழே, சட்டைக் காலர் முடிகிற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்குமே ஒரு எலும்பு, அது வலித்தது. இரண்டு வாரம் வலித்தது. படகில் போனவனுக்குக் கழுத்து ஏன் வலிக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் போனது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கும் அல்கோன்குவின் பூங்காவுக்கு. டொராண்டோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரக் கார்ப் பயணம். பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வந்தால் அதைத் தள்ளி வைத்துவிடுங்கள். 1893-ல் ஏற்படுத்தியது, கிட்டத்தட்ட 7,600 சதுர கிலோமீட்டர் காடு. தென்பகுதியை ஒரே ஒரு நெடுஞ்சாலை, 60-ஆம் எண், குறுக்கே வெட்டிப் போகிறது. அதற்கு வடக்கே உள்ள ஏரிகளுக்குள் போக வேண்டுமென்றால் அநேகமாகப் படகுதான் வழி. ஏரிகள் ஆயிரக்கணக்கில். ஓர் ஏரி முடிகிற இடத்தில் ஒரு காட்டுப் பாதை, அதைத் தாண்டினால் அடுத்த ஏரி, மறுபடி ஒரு பாதை. இப்படிக் கோத்துக் கோத்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல் கனூ தடங்கள் இருக்கின்றன.

அந்தக் காட்டுப் பாதைக்குப் பெயர் போர்ட்டேஜ். பிரெஞ்சுச் சொல், சுமப்பது என்று பொருள். பெயரிலேயே எல்லாம் சொல்லியிருக்கிறார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை.

கூட வந்தவன் பதினைந்து வருட நண்பன், யாழ்ப்பாணத்துக்காரன். கடலோர ஊரில் வளர்ந்தவன் என்பதால் தண்ணீர் விஷயத்தில் அவன் சொல்வதுதான் சட்டம் என்று அவனே ஒரு சட்டம் வைத்திருந்தான். நான் மதுரைப் பக்கம். ஆற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர். ஆனால் திட்டம் போடுவதில் நான் கெட்டி. இங்கே காட்டுக்குள் தங்குகிற இடத்தை ஐந்து மாதத்துக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்யலாம். நமக்குக் கிடைப்பது இன்ன இடம் என்று இல்லை, இன்ன ஏரி என்றுதான். அந்த ஏரிக்கரையில் ஆரஞ்சு நிறப் பலகை மாட்டிய இடங்களில் எது காலியோ அதில் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். ஏப்ரலிலேயே உட்கார்ந்து செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்கு நான்கு ஏரிகளைப் பிடித்து வைத்தேன். ஏன் செப்டம்பர் என்றால், மே கடைசியிலும் ஜூனிலும் போனால் கறுப்பு ஈ என்று ஒன்று காதோரம் கடித்து ரத்தம் எடுக்கும், அதற்குப் பிறகு கொசு. செப்டம்பரில் இரண்டும் ஓய்ந்திருக்கும். குளிர் மட்டும்தான்.

மூட்டை கட்டும்போதே சண்டை ஆரம்பம். உள்காட்டுக்குள் தகர டப்பாவும் கண்ணாடி பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது என்பது இங்கே விதி. "அப்ப டின் மீன்?" என்றான். கிடையாது. "ஒண்டுகூடவா?" ஒன்றுகூட. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கருவாடு கொண்டுவருகிறேன் என்றான். கரடிக்கு நாமே அழைப்பிதழ் வைத்த மாதிரி ஆகிவிடும் என்று அதையும் தடுத்தேன். கடைசியில் வறுத்த அரிசி மாவு, ரவை, கோதுமை மாவு, பருப்புப் பொடி, வெங்காயம் ஆறு, காய்ந்த மிளகாய், ஒரு பிளாஸ்டிக் குப்பியில் நல்லெண்ணெய் என்று முடிந்தது. கடையில் விற்கிற உலர்த்திய மலையேற்றச் சாப்பாட்டைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. வறுத்த மாவைவிடச் சிறந்த பயண உணவை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை; தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும், பத்து நிமிடத்தில் புட்டு.

எடை விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம் என்று ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு போர்ட்டேஜை எல்லாச் சாமானோடும் ஒரே நடையில் கடந்துவிட்டால் பலகையில் எழுதியிருக்கும் தூரம்தான் நாம் நடக்கிற தூரம். சாமான் கூடிப்போய் இரண்டு தடவையாகச் சுமக்க வேண்டி வந்தால்? சுமந்து போய், வெறுங்கையோடு திரும்பி வந்து, மறுபடி சுமந்து போக வேண்டும். தூரம் இரண்டு மடங்கு அல்ல, மூன்று மடங்கு. இந்தக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக நறுக்கினேன். இரண்டாவது டார்ச் வேண்டாம். மாற்றுச் சட்டை ஒன்று போதும். படகு வாடகைக்கு எடுத்த இடத்தில் கூடுதலாக ஒரு துடுப்பு கொடுத்தார்கள், ஒன்று உடைந்தாலோ தொலைந்தாலோ உதவும் என்று. அதையும் காரிலேயே போட்டுவிட்டு வந்தேன். அந்தத் துடுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கிய இடம் கனூ ஏரி, பெயரே அதுதான். எங்கள் படகு கெவ்லர் என்ற உறுதியான செயற்கை இழையில் செய்தது, 16 அடிக்கு மேல் நீளம், எடை ஏறக்குறைய 20 கிலோ. அதைக் கரையில் இழுக்கக் கூடாது, பாறையில் உரசக் கூடாது, முழங்கால் தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் ஏறி இறங்க வேண்டும் என்று பையன் ஒருவன் சொல்லிக் கொடுத்தான். உயிர்காப்புச் சட்டை, விசில், தண்ணீர் இறைக்க ஒரு குவளை, 15 மீட்டர் மிதக்கும் கயிறு, இவையெல்லாம் சட்டப்படி படகில் இருக்க வேண்டும். கடல் பார்த்தவன் பின்னால் உட்கார்ந்தான், ஏனென்றால் படகைத் திருப்புவது பின்னால் இருப்பவர் கையில்தான் இருக்கிறது. பாலம் பார்த்தவன் முன்னால்.

முதல் ஒரு மணி நேரம் நாங்கள் போன தடத்தை மேலிருந்து யாராவது பார்த்திருந்தால் ஊதச் சொல்லியிருப்பார்கள். இடது பக்கம் துடுப்புப் போட்டால் படகின் மூக்கு வலதுபுறம் ஓடும். அதைச் சரிசெய்யப் பக்கம் மாற்றினால் இடதுபுறம் ஓடும். இதற்கு ஜே ஸ்ட்ரோக் என்று ஒரு வித்தை இருக்கிறது. துடுப்பை நேராகப் பின்னோக்கி இழுத்து, முடிக்கிற இடத்தில் மேல் கைக் கட்டைவிரல் தண்ணீரைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பி, துடுப்பின் இலையை வெளிப்பக்கமாக ஒரு சின்னத் தள்ளு. அந்தத் தள்ளுதான் படகை நேராக்கும். பரிசல் ஓட்டுகிறவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து எட்டுப் போடுகிற மாதிரி ஒற்றைத் துடுப்பிலேயே சமாளிப்பார்களே, இதுவும் அந்த இனம்தான். நண்பன் பிடிவாதமாக, எங்கள் ஊரில் இப்படி இல்லை என்று ஒரு மணி நேரம் வாதாடினான். பிறகு எப்போது அந்தத் தள்ளு அவன் கைக்கு வந்தது என்று அவனுக்கே தெரியாது. படகு சட்டென்று நேராகப் போக ஆரம்பித்தது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

கனூ ஏரியின் வடகோடியில் அணை. பக்கத்தில் மஞ்சள் பலகை: ஜோ ஏரி, 295 மீட்டர். அவ்வளவுதானா என்று இறங்கினோம்.

படகைத் தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. நடுவில் நின்று படகைச் சாய்த்துத் தொடைமேல் ஏற்றி, அந்தப் பக்க விளிம்பை எட்டிப் பிடித்து, முழங்காலால் ஒரு எத்து எத்தி, அந்த வேகத்திலேயே தலைக்கு மேல் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். படகின் நடுவில் குறுக்காக ஒரு மரச்சட்டம், கழுத்துக்கு இடம் விட்டுக் குடைந்தது. யோக் என்கிறார்கள். நம் நுகத்தடிதான், மாட்டுக்குப் பதில் மனுஷன். அது நேராக அந்தப் பிடரி எலும்பில் வந்து உட்காரும். இருபது கிலோ ஒன்றும் பெரிய எடை இல்லை, ஒரு சின்ன அரிசி மூட்டை. ஆனால் அரிசி மூட்டை ஐந்து மீட்டர் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்காது. திரும்பினால் வால் மரத்தில் இடிக்கும், நிமிர்ந்தால் மூக்கு கிளையில் மாட்டும், ஒவ்வொரு இடிக்கும் உள்ளே பறைக்குள் தலையைவிட்ட மாதிரி சத்தம். கண்ணுக்குத் தெரிவது நம் பாதமும் அதற்கு முன்னால் நாலடி மண்ணும்தான். நம் மூச்சு நமக்கே பெரிதாகக் கேட்கும்.

அந்த 295 மீட்டரில் கூட்டமான கூட்டம். குளிர்பெட்டி, மடக்கு நாற்காலி, கிட்டார், ஒரு நாய். ஆனால் கவனித்தேன்: ஜோ ஏரிக்கு வந்ததும் பாதிப் பேர் காணோம். அடுத்து பேபி ஜோ என்ற குட்டி ஏரிக்கு முன்னும் பின்னும் இரண்டு போர்ட்டேஜ்கள். அதைத் தாண்டி பர்ன்ட் ஐலண்ட் ஏரிக்கு வந்தபோது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இரண்டே படகு. காட்டின் தனிமையை இங்கே யாரும் வேலி போட்டுக் காக்கவில்லை. சுமை வடிகட்டுகிறது. ஒவ்வொரு மஞ்சள் பலகையும் ஒரு சல்லடை.

முதல் இரவு சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாமல் மரத்தில் கட்டித் தொங்கவிட முக்கால் மணி நேரம். தரையிலிருந்து நாலு மீட்டர் உயரம், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கயிற்று நுனியில் கல்லைக் கட்டி எறிந்து எறிந்து, கல் ஒருமுறை என் நெற்றிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்த பிறகு நண்பன் கையில் கொடுத்துவிட்டேன். அவன் ஒரே எறியில் போட்டான். மாங்காய் அடித்த கை.

கழிவறையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கூடாரத்துக்குப் பின்னால் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் குழியின் மேல் கவிழ்த்த ஒரு மரப்பெட்டி, மேலே மூடி. அவ்வளவுதான். சுவர், கதவு, கூரை எதுவும் இல்லை. இதற்குப் பட்டப்பெயர் தண்டர் பாக்ஸ். காலை ஏழு மணிக்கு, ஹெம்லாக் மரங்களுக்கு நடுவில், பனி இறங்கிக்கொண்டிருக்க, அரசன் மாதிரி உட்கார்ந்திருந்த அனுபவத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அன்றிரவு தூங்கி ஒரு மணி நேரம் இருக்கும். ஏரியின் மேலிருந்து ஒரு ஓலம். நாய் ஊளையிடுவதற்கும் பெண் அழுவதற்கும் நடுவில் ஒன்று, மூன்று சுருதியில் ஏறி இறங்கி. நண்பன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "உதென்ன மச்சான்?" லூன் என்றேன். கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் 1987-லிருந்து இருக்கிற பறவை. அதனால்தான் அந்த நாணயத்துக்கே லூனி என்று பேர். இத்தனை வருடமாகச் சட்டைப்பையில் கிலுக்கிக்கொண்டிருந்த பறவை வாயைத் திறந்து பேசினால் எப்படி இருக்கும்! அதற்கு நாலு வகைக் குரல் உண்டு, இந்த ஓலம் ஒன்றையொன்று தேடுவதற்கு, ஆபத்து என்றால் சிரிப்பு மாதிரி நடுங்கும் குரல் என்று படித்ததையெல்லாம் இருட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். தூர இருந்து இன்னொன்று பதில் சொன்னது. "சரி, துணை கிடைச்சிட்டுது, படு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

மறுநாள் காலை முதல் போர்ட்டேஜ் 790 மீட்டர், பர்ன்ட் ஐலண்டிலிருந்து லிட்டில் ஆட்டர்ஸ்லைடு ஏரிக்கு. வரைபடத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. இந்தத் தடத்தில் நீளமான போர்ட்டேஜ்கள் வெறுமனே வந்து அமையவில்லை. பர்ன்ட் ஐலண்டின் தண்ணீர் ஜோ ஏரிக்கும் கனூ ஏரிக்கும் இறங்கி, ஆக்ஸ்டங் ஆறாகி மேற்கே ஜார்ஜியன் விரிகுடாவுக்குப் போகிறது. இந்த 790 மீட்டரைத் தாண்டி இருக்கும் தண்ணீரோ ஆட்டர்ஸ்லைடு ஓடை வழியாகப் பெட்டவாவா ஆற்றில் சேர்ந்து கிழக்கே ஒட்டாவா ஆற்றுக்கு. நடுவில் இருப்பது நீர் பிரிகிற மேடு. பார்த்தால் மேடு மாதிரியே தெரியாது, மூச்சு வாங்குவதை வைத்துத்தான் தெரியும். ஒரே மழையில் இந்தப் பக்கம் ஒரு துளி, அந்தப் பக்கம் ஒரு துளி. ஒன்று ஹூரான், ஈரீ, ஒன்ராறியோ என்று பேரேரிகளைச் சுற்றி, நயாகராவில் குதித்து, செயின்ட் லாரன்ஸ் ஆறாக வரும். மற்றது குறுக்கு வழியில் ஒட்டாவா ஆறாக வரும். மான்ட்ரியால் பக்கத்தில் இரண்டும் மறுபடி சந்திக்கும். அந்த மேட்டை நாங்கள் தோளில் படகோடு தாண்டினோம்.

இந்தக் காட்டின் அடிப்பாறை நூறு கோடி வருடத்துக்கும் பழையது. கடைசிப் பனிப்பாளம் சுமார் 11,000 வருடங்களுக்கு முன்பு விலகியபோது சுரண்டிவிட்டுப் போன பள்ளங்கள்தான் இத்தனை ஏரிகளும். அல்கோன்குவின் மக்கள் பிர்ச் மரப்பட்டையில் கனூ செய்தார்கள். ஒரு மனிதன் தூக்கக்கூடிய எடையில் ஏன் செய்தார்கள் என்பதற்கு இந்தத் தரையே பதில். பிறகு வந்த பிரெஞ்சுத் தோல் வியாபாரிகளின் கூலிப் படகோட்டிகள் 90 பவுண்டு மூட்டை இரண்டை, அதாவது 80 கிலோவை, நெற்றியில் வார்ப்பட்டை போட்டு ஒரே நடையில் சுமந்திருக்கிறார்கள். நான் பிரஷ் கைப்பிடியை நறுக்கியவன்.

ஆட்டர்ஸ்லைடு ஓடையில் ஐந்து போர்ட்டேஜ், ஒன்றன்பின் ஒன்றாக. பத்து நிமிடம் துடுப்பு, இறக்கு, தூக்கு, நட, இறக்கு, ஏற்று, மறுபடி பத்து நிமிடம். நடுவில் பீவர் என்ற, மரத்தைக் கடித்து அணை கட்டும் விலங்கு கட்டிய அணை வேறு. அதன்மேல் ஏறி நின்று சாமானோடு படகை இழுத்துத் தாண்ட வேண்டும். பயணத்திலேயே சலிப்பான பகுதி இதுதான், அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது போர்ட்டேஜில் முறை மாற்றி நான் அவன் பையை எடுத்தேன். தோளில் போட்டதும் ஒரு பக்கமாக இழுத்தது. என்னடா இது என்று திறந்தால் தூங்கும் பைக்குள், துண்டு சுற்றி, வட்டமாக, கறுப்பாக ஒரு தோசைக்கல். வார்ப்பிரும்பு.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவன் அமைதியாக, "உது பாரமே மச்சான்? மூண்டு கிலோ கூட வராது" என்றான். மூன்று கிலோ! நான் டார்ச்சை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கல்லைக் கொண்டுவந்தவன்தான் கடைசிவரை சுமக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். சரி என்றான். அதோடு, கல்லைச் சுற்றியிருந்த துண்டை எடுத்து உதறி, முறுக்கி, வட்டமாகச் சுருட்டி, பிடரியில் வைத்து அதன்மேல் நுகத்தடி உட்காரும்படி படகைக் கவிழ்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

சும்மாடு. இத்தனை வருடம் அந்தச் சொல்லை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் புல்லுக்கட்டோ தண்ணீர்க்குடமோ தலையில் ஏற்றும் முன் முந்தானையைச் சுருட்டி ஒரு நொடியில் செய்துவிடுவார்கள். நான் எடைக்கணக்குப் போட்டேனே தவிர, எடை உடம்பில் எந்த இடத்தில் உட்காரப் போகிறது என்று யோசிக்கவே இல்லை. அடுத்த போர்ட்டேஜில் அந்தத் துண்டைக் கடன் கேட்டேன். கொஞ்சம் கெஞ்சவிட்டுத்தான் கொடுத்தான்.

பிக் ட்ரவுட் ஏரியில் மூன்றாம் நாள் காலை காற்று. பெரிய ஏரி, அலைகளின் தலையெல்லாம் வெள்ளை. பாரம் ஏற்றிய கனூவின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அலையை நேர்ப்பக்கவாட்டில் வாங்கினால் கதை முடிந்தது. செப்டம்பர் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை, காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நான் கரையை ஒட்டியே போய்விடலாம் என்றேன், திட்டப்படி அன்று மதியத்துக்குள் மெக்கின்டாஷ் ஏரியைத் தொட வேண்டும். கடல்காரன் ஐந்து நிமிடம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். "பொறடாப்பா. காத்துக்கும் களைக்கும்." இதைச் சொல்லிவிட்டு அடுப்பை மூட்டப் போய்விட்டான்.

ஆக, காலை ஒன்பது மணிக்கு, வெள்ளைப் பைன் மரத்தடியில், காற்றுக்கு மறைவாக, நெருப்பின்மேல் தோசைக்கல். கோதுமை மாவைக் கரைத்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு, உப்பு, மிளகாய். முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. அரை வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுக் கல்லில் தேய்த்தான். இரண்டாவது ஓரம் சிவந்து, நடுவில் ஓட்டை ஓட்டையாக, தானே கல்லைவிட்டு எழுந்தது. நான் ஏழு சாப்பிட்டேன். கல்லைப் பற்றி எதுவும் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை, ஒவ்வொரு தோசையையும் தட்டில் போடும்போது என் முகத்தை மட்டும் பார்த்தான்.

மதியம் ஒரு மணிக்குக் காற்று விழுந்தது. வெள்ளை ட்ரவுட் ஏரி வழியாக கிராஸி பே என்ற சதுப்புக்குள் நுழைந்தோம். பெயருக்கேற்ப எங்கும் கோரை, அல்லி இலை, சேற்று வாசனை. தண்ணீர் வளைந்து வளைந்து போகிறது, அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியாது. ஒரு வளைவில் மூஸ் என்கிற பெரிய மான் ஒன்று, கன்றோடு. முழங்கால் தண்ணீரில் தலையை முக்கி எடுத்தது, வாயிலிருந்து கொடி தொங்க, காதிலிருந்து தண்ணீர் சொட்ட. எருமையைக் குதிரைக்காலில் ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. இருபது மீட்டர்கூட இல்லை. துடுப்பைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு அசையாமல் மிதந்தோம். எங்களைப் பார்த்தது, மென்றது, கன்றைக் கூட்டிக்கொண்டு அவசரமில்லாமல் நாணலுக்குள் போனது. போன பிறகும் வெகுநேரம் தண்ணீர் அங்கே கலங்கிக்கொண்டிருந்தது.

மெக்கின்டாஷ் ஏரிக்கு வந்து கூடாரம் போட்டபோது இருட்டிவிட்டது. இரண்டாவது டார்ச் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்காம் நாள்தான் பயந்துகொண்டிருந்த நாள். இங்க் ஏரி என்று ஒன்று, பேருக்கேற்ற கறுப்புத் தண்ணீர். அதன் கரையில் மஞ்சள் பலகை: டாம் தாம்சன் ஏரி, 2,320 மீட்டர். நீர் பிரிகிற மேட்டை மறுபடி தாண்டி மேற்குப் பக்கத் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும், அதற்கான விலை இது. என் கணக்கெல்லாம் ஏற்கெனவே பொய்த்துப்போய் ஒவ்வொரு போர்ட்டேஜையும் இரண்டு நடையாகத்தான் கடந்துகொண்டிருந்தோம். அப்படியானால் ஏழு கிலோமீட்டர். சும்மாட்டை வைத்துக்கொண்டு படகோடு முதலில் நான் போனேன். தோள் தாங்காமல் போகும்போது படகின் மூக்கை ஏதாவது மரக்கவட்டில் செருகிவிட்டு அடியிலிருந்து நழுவி வெளியே வந்துவிடலாம், படகு சாய்ந்து நிற்கும். நீளமான பாதைகளில் சில இடங்களில் இதற்காகவே இரண்டு மரங்களுக்கு நடுவில் குறுக்குச் சட்டம் அடித்து வைத்திருப்பார்கள். நம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்குமே, தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி ஏற்ற, வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டு வைப்பது, அந்த வேலைதான். சின்ன வயதில் அதன்மேல் ஏறி விளையாடியிருக்கிறோம். அது எதற்கென்று என் கழுத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று நடையும் முடிந்து, டாம் தாம்சன் ஏரிக்கரையில் சாமானை எல்லாம் ஏற்றி, ஏறி உட்கார்ந்து கையை நீட்டினால் என் துடுப்பு இல்லை.

இங்க் ஏரிக்கரையில், பலகைக்குப் பக்கத்தில், மரத்தில் சாய்த்து வைத்தது கண்முன் தெரிந்தது. கூடுதல் துடுப்பு? காரில். நண்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. தோசைக்கல் இருந்த பையை மட்டும் ஒருமுறை தட்டிக்கொடுத்தான்.

போகவர இன்னும் 4,640 மீட்டர். திட்டிக்கொண்டேதான் நடந்தேன், என்னைத்தான். ஒரு கால்மணி நேரம் கழித்து, தலைக்குமேல் படகு இல்லாமல், தோளில் பை இல்லாமல், கையை வீசிக்கொண்டு நடக்கிறேன் என்பது உறைத்தது. இதே பாதையில் அன்று மூன்று தடவை நடந்திருக்கிறேன், வெறுங்கையோடு திரும்பி வந்த நடையில்கூடப் பார்த்தது என் காலணியை மட்டும்தான். மேப்பிள் மரங்கள் உச்சியிலிருந்து சிவந்து இறங்கிக்கொண்டிருந்தன. மஞ்சள் பிர்ச்சின் பட்டை பழைய காகிதம் மாதிரி சுருண்டு தொங்கியது. பாதையில் ஒரு இடத்தில் விழுந்த மரம் ஒன்றை யாரோ ரம்பத்தால் அறுத்து வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழியின் அகலம் கவிழ்த்த கனூவின் அகலத்துக்குச் சரியாக இருந்தது. துடுப்பு நான் விட்ட இடத்திலேயே இருந்தது. அங்கே யாரும் வந்திருக்கவில்லை.

அன்று மொத்தம் பதினோரு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறேன், கனூ பயணத்தில்.

கடைசி இரவு அந்த ஏரியில்தான். டாம் தாம்சன் என்பவர் ஓவியர். இந்தக் காட்டில் வழிகாட்டியாக வேலை பார்த்துக்கொண்டே, கைக்கு அடக்கமான சின்ன மரப்பலகைகளில் இந்த ஏரிகளையும் பைன் மரங்களையும் வரைந்தவர். 1917 ஜூலை 8-ஆம் தேதி கனூ ஏரியில் தனியாகப் படகில் போனவர் திரும்பவில்லை. எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. வயது 39. தண்ணீரில் பழகிய மனிதர் அமைதியான ஏரியில் எப்படிச் செத்தார் என்று நூறு வருடம் தாண்டியும் இங்கே வாதம் நடக்கிறது. நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தவன், "தண்ணியில பழகினவன்தான் தண்ணியில போறது" என்றான். அவன் ஊரில் அப்படிப் போனவர்கள் யார் யார் என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் சுலபம். லிட்டில்டோ, டீப்பீ, ஜோ என்று தண்ணீர் தானே இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் அதே 295 மீட்டர். ஒரே நடையில் கடந்தோம், சாப்பாடு தீர்ந்திருந்ததால். எதிரே குளிர்பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்த ஒரு குடும்பம் எங்களை ஒதுங்கி நின்று பார்த்தது. முதுகை நிமிர்த்தி நடந்தேன் என்பதை மறைப்பானேன்.

படகுத்துறையில் அதே பையன். பத்தொன்பது வயது இருக்கலாம். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குனிந்து, ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, எத்தவும் இல்லை முக்கவும் இல்லை, படகைத் தோளில் கவிழ்த்துக்கொண்டு, விசிலடித்தபடியே மேட்டில் ஏறிப் போனான்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உவன்ர தோளில துண்டுமில்லை, பாரன்" என்றான் நண்பன்.